காலரில் விட்ட வாசல்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் அனஸ்தாசி சிஸ்டர். போன தவக்காலத்தில், கோயில் கஞ்சிக்குப் பயறு பொறுக்க நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொன்னார். சிலி என்கிற தேசத்தில், நம்ம ஊர் மாதிரியே சூரியன் கடலுக்குள் போய் விழுகிற ஒரு துறைமுகத்தில், ஆஸ்பத்திரி நர்ஸாகக் கிடந்து தலை நரைத்துத் திரும்பியவர் அவர். ஜெபமாலை பிடித்த கையால் பொய் சொல்ல மாட்டார். அதனால் நானும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். இரத்தம் வருகிற இடங்களில் மட்டும் மனசுக்குள்ளே ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொள்ளுங்கள். நிறைய இடங்களில் வரும்.

அந்தத் துறைமுகத்துக்குக் கிழக்கே, மலை தொடங்குகிற இடத்தில் சான் லாசரோ என்று ஓர் ஊர். பெத்லகேமுக்குப் பக்கத்து மலையூர் ஒன்றிலிருந்து, பிழைக்க வழியில்லாமலும், பெற்ற பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்களே என்ற பயத்திலும் கப்பலேறிய பலஸ்தீனத்துக் கிறிஸ்தவர்கள் அங்கே வந்து சேர்ந்து, துணி மூட்டையை முதுகில் கட்டி வீடு வீடாக ஏறி இறங்கி, அப்புறம் கடை வைத்து, அப்புறம் கோயில் கட்டி, அப்புறம் சுற்றிலும் ஒலிவ மரம் நட்டுக் குடியிருந்தார்கள். அவர்கள் கிளம்பின காலத்தில் அவர்கள் ஊரை ஆண்டது துருக்கி ராஜா. கையிலிருந்த காகிதமும் துருக்கிக் காகிதம். அதனால் எந்தத் துருக்கனுக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அந்தத் துருக்கன் பேரையே சொல்லி அவர்கள் பிள்ளைகளை உள்ளூர்க்காரர்கள் தெருவில் போட்டு மிதித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் முழுப் பல்லோடு வீடு வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து அப்பன்மார் கூடினார்கள். "எப்படியும் நம்ம பிள்ளையள அடிக்கத்தான் போறானுவ. அடிக்கதை ஒரு கிரவுண்டுக்குள்ள வச்சு, ரெஃப்ரி பாக்க, விசிலு ஊதி அடிக்கட்டும். நம்ம பயலுவளும் திருப்பி ரெண்டு குடுக்கலாம்லா" என்றார் ஒருவர். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கால்பந்து கிளப். ஒலிவக் கிளப் என்று பேர். வருஷம் போகப் போக சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய கிளப்பாகி, நாட்டிலேயே முதல் வரிசையில் வந்து நின்றது.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜெர்சி கடையில் வாங்குவார்கள். காலர் மட்டும் அம்மாமார் கையால்தான் தைக்க வேண்டும். நம்ம ஊர் சவுக்கு மாதிரி கூராக நிற்குமே, அந்த மாதிரி ஒரு மரத்தை, சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகக் காலரைச் சுற்றி வரிசையாகத் தைத்துக்கொண்டு வந்து, கடைசி மரத்தின் அடியில் ஒரே ஒரு தையலைப் போடாமல் விட்டுவிடுவார்கள். நூலைக் கத்தரியால் நறுக்கக் கூடாது, பல்லால் கடிக்க வேண்டும். அந்தப் போடாத தையலுக்கு வாசல் என்று பேர். அம்மா பிள்ளையைச் சுற்றி எவ்வளவுதான் வேலி கட்டினாலும், அவனுக்கென்று வருகிறது அவனிடம் வந்து சேர ஒரு வாசல் விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அம்மா இல்லாதவன் வந்து சேர்ந்தால் அவனுக்கும் ஒருத்தியைக் காட்டி, "இவதான் உனக்கு அம்மை" என்று ஒப்படைப்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில் சலீம் என்கிற பையனை மைதானத்தின் நடுவில் வயிற்றில் உதைத்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. பையன் உட்கார்ந்தான், சிரித்தான், வாய் நிறைய இரத்தம் கக்கிச் செத்துப்போனான். அவனுடைய நாற்பதாம் நாள் பூசை அன்று கோயில் கூடத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். சலீமின் அம்மா நூரா மகனுடைய ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு, காலரில் அந்த வாசலைத் தேடித் தேடி விரலை விட்டு, "இது வழியாத்தான வந்துது, இது வழியாத்தான வந்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து, தன் மகன் ஜெர்சியை எடுத்து, ஊசி கோத்து, அந்த வாசலை அடைத்தாள். அவள் பெயர் நஜ்லா. அவளைப் பார்த்து மற்றவர்களும் அடைத்தார்கள். கூடத்தில் நூலைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நஜ்லாவின் மகன் பெயர் ஈசா. அவர்கள் பேச்சில் இயேசுவுக்கு அதுதான் பெயர். நம்ம ஊரில் யேசுதாசன் என்று வைக்கிறோமே, அது மாதிரி. டிஃபென்ஸில் நடு ஆள். அடுத்த ஞாயிறு அவன் ஆடும்போது நஜ்லா அடுப்படியில் சுரைப்பிஞ்சு குடைந்து அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோக்காரன், "ஈசாவின் காலைப் பார்த்து உதை, ஐயோ, ஈசா விழுந்தான்" என்று கத்தினான். அதே நேரத்தில் அவளுடைய முழங்காலுக்குக் கீழே தோல் தானாகக் கிழிந்து, வெள்ளை எலும்பு ஒரு கீற்றுத் தெரிந்து, அப்புறம் இரத்தம் வந்தது. "எழுந்துவிட்டான்! ஒரு கீறல் இல்லை! ஓடுகிறான்!" என்றது ரேடியோ. நஜ்லா காலைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். காலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு மீதிச் சுரைப்பிஞ்சையும் குடைந்து முடித்தாள். அது முடிந்துதான் பக்கத்து வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கோல்கீப்பர் ஹன்னாவின் அம்மா விதாத், முன்பல் இரண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தாள்.

"எடி, ஹன்னா பந்தைப் பிடிச்சிட்டானாம்டி" என்றாள் விதாத், காற்றுப் போகிற வாயால்.

அதற்கப்புறம் அதுவும் ஒரு வீட்டு வேலையாகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் மைதானத்துக்குப் போன பிறகு, பதினொரு அம்மாமாரும் கோயில் கூடத்தில் மெத்தை விரித்து, ஐஸ் கட்டியை வாளியில் உடைத்துப் போட்டு, வீங்குகிற கண்ணுக்கு வைக்கக் கசாப்புக்காரன் பெண்டாட்டி கொண்டு வந்த பச்சை மாட்டிறைச்சியை வாழையிலை மாதிரி அகலமாக அறுத்து அடுக்கி, ரேடியோவை நடுவில் வைத்து, திராட்சை இலையில் சோறு சுருட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். விசில் ஊதினதும் இலைச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஓரத்தில் ஆடுகிறவனின் அம்மாவைப் பார்த்து, "உனக்கென்னடி, உன் மவன் கோட்டோரமா ஓடிட்டுக் கிடக்கான், சுளுக்கோட போயிரும்" என்று கேலி பண்ணுவார்கள். யாருக்காவது விலா ஒடிந்தால் ஒடிகிற சத்தம் கேட்கும். உடனே ஒருத்தி ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். பெஞ்சில் முட்டி போட முடியாமல் பாதிப் பெண்கள் திங்கட்கிழமை பூசையில் நொண்டுவதைப் பார்த்த பாதிரியார், காரணம் ஒன்றும் கேட்காமல், முன் வரிசைப் பெஞ்சுக்கெல்லாம் மெத்தை தைக்கச் சொன்னார். புருஷன்மார் பாடுதான் பாவம். ஊர்க்காரர்கள், துருக்கன் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று பேசினார்கள். நஜ்லாவின் புருஷன் பிஷாரா, ஈயைக்கூடத் துண்டால் விரட்டுகிறவன், கடைக்கு வந்தவர்கள் முறைக்கிறதைத் தாங்க மாட்டாமல் துணிக்கட்டுக்குப் பின்னால் குனிந்தே நின்று கூன் விழுந்துபோனான்.

கிளப் ஜெயித்தது. ஜெயித்துக்கொண்டே இருந்தது. அடிக்கு அஞ்சாத பதினொரு பேரை யார்தான் என்ன செய்ய முடியும்? உதைத்தவன் கால்தான் மரத்துப்போகும். ஒலிவக்காரன் எலும்பு ஒலிவ மர வைரம் என்று பேப்பரில் எழுதினார்கள். ஆனால் வலி தெரியாதவனுக்கு அளவும் தெரியாமல் போகிறது, கேட்டீர்களா. முதலில் பந்துக்காக மோதினார்கள். அப்புறம் பந்து அந்தப் பக்கம் கிடக்க ஆளோடு மோதினார்கள். எதிரணிப் பிள்ளைகளின் கால் குச்சி மாதிரி ஒடிந்தது, மூக்கு நசுங்கியது, ஒருவனுக்குக் காது பாதி போயிற்று. அடித்தவர்கள், தெருவில் மிதிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள். கூட்டம் கைதட்டியது.

மெத்தையில் கிடக்கிற அம்மாமாருக்குத் தங்கள் உடம்பைப் படிக்கத் தெரிந்துவிட்டிருந்தது. முட்டிக்குக் கீழே வந்தால் உதை. முதுகில் வந்தால் பின்னாலிருந்து தள்ளல். துறைமுகத்துக் கிளப்போடு ஆடின ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோ கோல் இல்லை கோல் இல்லை என்று புலம்பிக்கொண்டிருக்கையில், முஷ்டி மடக்கினால் புடைத்து நிற்குமே, அந்த விரல் மொளிகள், நஜ்லாவின் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வெடித்தன. மறுபடியும் வெடித்தன. வெடித்த இடத்திலேயே திரும்பவும் வெடித்தன. அப்புறம் நெற்றி நடுவில் ஒரு இடி விழுந்த மாதிரி வலித்துப் புடைத்தது.

விதாத் ஊர்ந்து வந்து பார்த்தாள். "ஐயோ, யாருடி நம்ம ஈசாவை இப்படிப் போட்டு அடிக்கது?"

நஜ்லா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலில் ஒன்றுமில்லை. விலாவில் ஒன்றுமில்லை.

"அவனை இன்னிக்கு யாரும் அடிக்கல்ல" என்றாள். "அவன்தான் அடிக்கான்."

அடி வாங்கினவன் பெயர் லவுத்தாரோ. துறைமுகத்து மீன்காரி எர்மிந்தாவின் மகன். தாடை மூன்றாக உடைந்து, ஒரு கண் போகுமோ நிற்குமோ என்று ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதன்கிழமை நஜ்லா ஒருத்தரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். கட்டுப்போட்ட கைகளைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு அந்தக் கட்டிலருகே போய் நின்றாள். அந்த வார்டில் அன்றைக்கு நம்ம அனஸ்தாசி சிஸ்டருக்குத்தான் வேலை. பையனின் முகம் பழுத்து வெடித்த பப்பாளி மாதிரி இருந்ததாம். கம்பி வைத்துக் கட்டின வாய்க்குள் குழாய் விட்டு எர்மிந்தா கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ யாரு?"

"அடிச்சவனுக்க அம்மை."

எர்மிந்தா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு வந்தே?"

"பாக்க."

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. இவ்வளவு அடிச்சானே, உன் மவனுக்குக் கையாவது வலிச்சுதா?"

சால்வைக்குள் நஜ்லாவின் கட்டு நனைந்து கொண்டிருந்தது. பொய் சொல்லாமலிருக்க முடிந்தது அவளுக்கு. "இல்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் ஈசா கோழிக்கறியும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தான். பூ மாதிரி கை. நஜ்லா தன் கைக்கட்டை அவிழ்த்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரொட்டியைப் பிய்த்தான்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன மக்கா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். ஹன்னாவுக்குத் தெரியும். அவனுக்க அம்மைக்கு வாயில பல்லு இல்லாதது கண்ணுக்குத் தெரியாதா என்ன? நாங்க அதப் பேசுகதில்ல, அவ்வளவுதான்." அவன் எலும்பைச் சப்பித் தட்டில் போட்டான். "நீ தாங்கிக்கிடுவேன்னும் தெரியும்."

நஜ்லா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள். அம்மாமார் வேறென்ன செய்வார்கள்.

பட்டத்துக்கான கடைசி ஆட்டம் அதே துறைமுகத்துக்காரர்களோடு, அவர்கள் மைதானத்தில். ஈசாவை இரண்டு காலில் திரும்பிப் போக விட மாட்டோம் என்று சாராயக் கடையில் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பெண்கள் கூடத்தில் கூடினார்கள். வாசலை அடைத்தது போதாது, அதன்மேல் இன்னொரு வரிசை மரம் தைப்போம், இரட்டை வேலியாக இருக்கட்டும் என்றாள் விதாத். எல்லோரும் தைத்தார்கள். நஜ்லா மட்டும் தைக்காமல் மகனின் ஜெர்சியை வீட்டுக்கு எடுத்துப் போனாள், துவைத்து எடுத்து வருகிறேன் என்று.

சனிக்கிழமை காலையில் கொடியில் அது காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் நின்று, தலைத்துணியில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியை எடுத்தாள். பிரிக்காமல் விட்டால் நாளைக்கு இவன் ஒருவனைக் கொல்வான். அந்தக் கொலையும் தன் கை மொளியில் வந்து வெடிக்கும். பிரித்தால் நாளைக்கு இவனைக் கொல்வார்கள். தனக்கு ஒரு கீறலும் இருக்காது. சலீம் சிரித்துக்கொண்டே இரத்தம் கக்கினது ஞாபகம் வந்தது. நூராவின் விரல் ஞாபகம் வந்தது. பரலோகத்திலிருக்கிற பிதாவே என்று ஆரம்பித்தாள். எங்களைச் சோதனையில் விழவிடாதேயும் என்று வந்ததும் ஜெபத்தைப் பாதியில் விட்டாள். ஊசி முனையை அந்தக் கடைசி மரத்தின் அடியில் கொடுத்து, ஒரே ஒரு தையலை நெம்பினாள். நூல் பல்லில் கடித்த இடம் வரைக்கும் சுகமாக வந்தது. ஜெர்சியை மடித்து அவன் பையில் வைத்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதி ரொம்ப நேரம் ஆகவில்லை, கூடம் இரத்தக் களரியாகிவிட்டது. துறைமுகத்துக்காரர்கள் பூட்ஸ் அடி ஆணியைக் கூராக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மெத்தையில் ஒருத்தியின் தொடை நீளத்துக்குக் கிழிந்தது. ஒருத்தியின் தோள் பொருத்து விட்டுத் தொங்கியது. இரட்டை வேலி போட்டவர்களுக்கு அடியும் இரட்டையாக இறங்கியது. விதாத் மீதிப் பல்லையும் துப்பினாள். நடுவில் நஜ்லா மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் வரல்லையாடி?" என்று ஒருத்தி முனகினாள்.

"வரல்ல."

"ஈசா ஆடலியா?"

"ஆடுகான்."

அப்போது ரேடியோக்காரன் குரல் மாறியது. ஈசா விழுந்தான் என்றான். நான்கு பேர் சுற்றி நிற்கிறார்கள் என்றான். எழுந்துவிடுவான், அவன் எழுந்துவிடுவான் என்றான். நஜ்லா தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். விலாவைத் தொட்டாள். முகத்தைத் தடவினாள். அவளுக்கு எங்கேயும் வலிக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றான் ரேடியோக்காரன். கத்துகிறான், ஈசா கத்துகிறான், ஐயா, இந்த மனிதன் கத்தி நாம் கேட்டதே இல்லையே என்றான். எங்கேயும் வலிக்காத அந்த உடம்போடு நஜ்லா அலறின அலறலில், இரத்தத்தில் கிடந்த பத்துப் பெண்களும் தங்கள் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

பக்கத்திலிருந்தது அந்தத் துறைமுகத்து ஆஸ்பத்திரிதான். நஜ்லா போய்ச் சேரும்போது சூரியன் கடலில் பாதி விழுந்திருந்தது. கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, விலா நொறுங்கி, காலரெல்லாம் இரத்தமாக ஈசா கிடந்தான். வேறு கட்டில் காலியில்லாமல் லவுத்தாரோவுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். வாய் கட்டின அந்தப் பையன் ஒற்றைக் கண்ணால் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈசா இடுப்புக் குழந்தை மாதிரி வீறிட்டுக்கொண்டிருந்தான். வலி அவனுக்குப் புதுசு. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்தான். "எடுத்துக்கோம்மா. என்னால தாங்க ஒக்கல்ல. எடுத்துக்கோ. ஒரு தையலுதானம்மா."

"ஊசி கொண்டு வரல்ல மக்கா" என்றாள் நஜ்லா.

அவள் தலைத்துணியில் ஊசி இருந்ததை அனஸ்தாசி சிஸ்டர் பார்த்தார். சிவப்பு நூல் கோத்தபடியே இருந்தது. பையன் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அவள் கை அவளைக் கேட்காமலே தலைக்குப் போனது. பாதி வழியில் நின்று திரும்பி, அவன் நெற்றியைத் தடவியது. எர்மிந்தா ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வலிக்குதா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"வலிக்குது."

எர்மிந்தா தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் தள்ளி நஜ்லாவின் பக்கம் நகர்த்தினாள். தன் மகன் நெற்றியில் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, ஈசாவின் வாய்க்குள் திணித்தாள். "கடிச்சுக்கோ லே. கத்தாத. என் பய உறங்கணும்" என்றாள். அவன் கடித்துக்கொண்டான்.

விளக்குப் போட்ட நேரத்தில் நஜ்லா வராந்தாவுக்கு வந்து, ஊசியைப் பிடுங்கி, சிஸ்டரின் கையில் வைத்து விரலை மூடினாள். "இதைக் கொண்டு போயிருங்கம்மா. தூரமா எங்கயாவது கொண்டு போயிருங்க. என் கிட்ட இருந்தா விடிய முன்ன தச்சிருவேன்" என்றாள்.

மற்ற அம்மாமாரில் பாதிப்பேர் அந்த வாரமே வாசலைத் திறந்து விட்டார்களாம். பாதிப்பேர் திறக்கவில்லையாம். விதாத் கடைசிவரைக்கும் திறக்கவில்லை, சாகிறபோது பொக்கை வாயோடு, "ஹன்னா பிடிச்சானா?" என்றுதான் கேட்டாளாம். கிளப் இன்னும் இருக்கிறது. ஜெயிக்கவும் செய்கிறது, தோற்கவும் செய்கிறது.

தூரமாகக் கொண்டு போகச் சொன்னாள் இல்லையா, சிஸ்டர் நம்ம ஊர் வரைக்கும் கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குப் பயறு பொறுக்கி முடிந்து எழுந்திருக்கும்போது, வயசாகிவிட்டது, இனி நீ வைத்துக்கொள் என்று என்னிடம் தந்தார். இதோ, இதுதான். என் மூத்த மகன் நாளைக்கு ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறான். திரும்பி வர மாசமாகும். அவன் சட்டைக் காலர் பிரிந்து கிடக்கிறது. என் கண்ணுக்கு ஊசிக் காது தெரியவில்லை. போகிறதுக்கு முன்னால் கொஞ்சம் இந்த நூலைக் கோத்துத் தந்துவிட்டுப் போங்களேன், மக்களே.